வலது பக்கத்து மச்சான்

திரேஸ்புரத்து இனிகோ இரண்டாவதாக ஒரு வண்டி வாங்கப் போகிறார் என்ற செய்தி அவர் மனைவி பிலோமிக்கு மீன் ஏலத்தில்தான் தெரிந்தது. கட்டின பெண்டாட்டிக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும் காரியங்கள் சில உண்டு. அவற்றில் நல்ல காரியம் அபூர்வம். சாயங்காலம் குசினியில் மீனை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“இருக்க டெம்போவுக்கே மூச்சு வாங்குது. இதுல இன்னொரு வண்டியாமே?”

“ஒனக்கு யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுது. நீங்கதான் சொல்லல.”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்” என்றார் இனிகோ. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் பிலோமி இந்தப் பதிலை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். மீனைக் கழுவப் போனாள்.

அது 1974. பெட்ரோல் விலை ஏறின ஏற்றத்தில் கார் வைத்திருந்தவர்களே பஸ்ஸுக்கு நின்ற காலம். அந்த நேரத்தில் போய், செங்கோட்டைக்கு மேற்கே மலையடிவாரத்து எஸ்டேட் ஒன்றில் கிடந்த பழைய பட்டாளத்து டாட்ஜ் வண்டிக்கு விலை பேசினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? இரண்டாம் உலக யுத்தத்துக்கு வந்த வண்டி. யுத்தம் முடிந்து ஏலத்தில் போய், நாலைந்து கை மாறி, பழைய இஞ்சினைக் கழற்றி டீசல் இஞ்சின் மாட்டிக்கொண்டு எஸ்டேட்டில் வந்து சேர்ந்திருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. சேறானாலும் மணலானாலும் ஏறிவிடும் என்பது அதன் பெருமை.

யார் கேட்டாலும் இனிகோவிடம் பதில் தயாராக இருந்தது. தெற்கே மணப்பாடு தாண்டிக் கூடுதாழைப் பக்கமெல்லாம் சிங்கி இறால் நிறையப் படுகிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிக்காரர்கள் தூத்துக்குடியில் அதற்காகக் காத்துக் கிடக்கிறார்கள். ஆனால் தார் ரோடு கரைவரைக்கும் போவதில்லை. கடைசி ஒன்றரை மைல் வெறும் மணல். மூன்று சக்கர டெம்போ அதில் இறங்கினால் ஊர் கூடித் தள்ளினால்தான் ஏறும். பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சுடுமணலில் நடந்து வந்து சேர்வதற்குள் இறாலில் பாதி கெட்டுப்போகும். நாலு சக்கர இழுவை வண்டி இருந்தால் ஐஸைக் கரைக்கே கொண்டுபோய், வள்ளத்திலிருந்து நேராக ஏற்றிவிடலாம். டெம்போவை ஜேசுபாதம் என்ற டிரைவர் டவுனுக்குள் ஓட்டிக்கொள்வான். டாட்ஜை இனிகோவே தெற்கே ஓட்டுவார்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. உண்மையான காரணம் மட்டும் இதில் இல்லை.

இனிகோவின் வலது கண் போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை வருஷமாகவே அப்படித்தான். முதலில் ஓரத்தில் புகை மாதிரி இருந்தது. அப்புறம் அந்தப் புகை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். நரம்பு பட்டுப்போய்விட்டது, கண்ணாடி போட்டாலும் பார்வை திரும்பாது, இடது கண் நன்றாக இருக்கிறது, வண்டி மட்டும் ஓட்டாதீர்கள் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்து, மறுநாள் காலையில் டெம்போவை எடுத்தார் இனிகோ.

திட்டத் தோன்றுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். தன் வீம்புக்கு ரோட்டில் போகிறவன் உயிரைப் பணயம் வைக்கிற வேலைதான் அது. ஆனால் அவர் பக்கத்தையும் கொஞ்சம் கேட்க வேண்டும். பதினாறு வயசில் கடலில் குதித்தவர் அவர். முத்துக் குளிப்பு நடந்த வருஷங்களில் முத்துக்கும், மற்ற வருஷங்களில் சங்குக்கும் குளித்தார். முப்பத்தேழாம் வயசில் காதிலிருந்து ரத்தம் வந்து, கடல் போதும் என்று கரையேறினார். கரையேறின குளியாளிகள் என்ன ஆகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். படகு நிழலில் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். பீடிக்கு மகனிடம் கை நீட்டுவார்கள். அவருடைய அப்பா கடைசிப் பத்து வருஷத்தை அப்படித்தான் கழித்தார். டெம்போதான் இனிகோவை அதிலிருந்து காப்பாற்றியது. ஸ்டியரிங் கையில் இருக்கிற வரைக்கும் தான் ஒரு ஆள், அதை விட்டால் வீட்டு மூலையில் கிடக்கும் ஒரு சாமான் என்று அவர் மனசில் விழுந்துபோயிற்று. அந்தப் பயத்தைப் பயம் என்று ஒத்துக்கொள்ளவும் அவருக்குப் பயம்.

ஆகவே மறைத்தார். டெம்போவின் பக்கக் கண்ணாடி எதிலோ உரசி உடைந்தால் சத்தமில்லாமல் மாற்றினார். வீட்டில், வாசலுக்கு வலது பக்கம் வரிசையாக இருந்த தண்ணீர்க் குடங்களில் ஒன்றை ஒரு நாள் காலால் தட்டிக் கவிழ்த்துவிட்டார். குடத் தண்ணீருக்கு அடித்துக்கொள்கிற ஊரில் அது சின்னக் குற்றமில்லை. பிலோமி கத்தப் போகிறாள் என்று காத்திருந்தார், அவள் கத்தவில்லை. மறுநாள் பார்த்தால் குடங்களெல்லாம் இடது பக்கம் போயிருந்தன. அங்கே தரை சமமாக இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

டாட்ஜ் வண்டியில் அவரைச் சொக்க வைத்தது நாலு சக்கர இழுவை அல்ல, அதன் ஸ்டியரிங். அமெரிக்க வண்டி என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. நம் ரோட்டில் அப்படிப்பட்ட வண்டியை ஓட்டுகிறவனுக்கு, முன்னால் போகிற லாரியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. வலது பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து எட்டிப் பார்த்து, போகலாம், பொறு என்று சொல்லியே ஆக வேண்டும். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற டிரைவருக்கும் அது வேண்டும். அப்படியானால், வலது பக்கம் பார்ப்பதற்கு இனிகோவுக்கு ஏன் ஒரு ஆள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. இந்த யோசனை உதித்த அன்றைக்கு அவர் பனிமய மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாகக் கொளுத்தினார். எதற்கென்று மாதாவிடமும் சொல்லவில்லை.

அந்த வலது பக்கத்து ஆள் யார் என்பதற்கு அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பிலோமியின் அண்ணன் சிலுவைதான்.

குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றைப் படகில் நின்று பிடிக்கும் ஆள், அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும் என்பது அந்தக் கடற்கரையில் பழைய வழக்கம். கூடப் பிறந்தவன்கூடச் சொத்துக்காக ஒரு நிமிஷம் கண் அயரலாம். தங்கச்சி தாலி அறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்று பெரியவர்கள் கண்டுவைத்திருந்தார்கள். பிலோமியைக் கட்டின மறு வாரமே இனிகோவின் கயிறு சிலுவை கைக்குப் போயிற்று. பதின்மூன்று வருஷம் அது அந்தக் கையில்தான் இருந்தது. அதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. கயிறு நீளமாக மேலே இழுபட்டால் வந்துவிட வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் வலம்புரிச் சங்கே கிடந்தாலும் வந்துவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. இனிகோ ஒரே ஒரு தடவை கேட்டார். அன்றைக்குச் சுறாவும் இல்லை, நீரோட்டமும் இல்லை. நல்ல சங்குக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவரை இழுத்துவிட்டார் சிலுவை. மேலே வந்து, ஏன் இழுத்தீங்க என்று சண்டைக்கு நின்றார் இனிகோ. இழுக்கணும்னு தோணிச்சு, இழுத்தேன் என்று சொல்லிவிட்டுச் சிலுவை வெற்றிலையை மென்றார். அதற்கப்புறம் இனிகோ கேட்டதில்லை.

சிலுவைக்கு இப்போது ஐம்பது வயசு. கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் தோணியில் வேலை. புதுத் துறைமுகம் வந்து கப்பல்கள் நேராகக் கரையை அணைய ஆரம்பித்தால் தோணிக்காரன் பாடு என்ன ஆகும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த சமயம். இனிகோ கூப்பிட்டதும் ஒரு பையில் வேட்டியும் கொஞ்சம் கயிறும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கயிறு இல்லாமல் அவர் எங்கேயும் போனதில்லை.

எஸ்டேட்டில் வண்டியைக் காட்டினவர் சுந்தர்சிங் என்ற கணக்கர். நாசரேத்துக்காரர், வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் பேனா, வாயில் வேத வசனம்.

“அண்ணாச்சி, மறைச்சி விக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது. குறையை முதல்ல சொல்லிருதேன்” என்று ஆரம்பித்தார். இரண்டாம் கியர் சில நேரம் கழன்றுகொள்ளும். மழைக்கு மேலே கித்தான்தான். இஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது கேட்காது.

இனிகோ வண்டியைப் பார்த்த விதம் சுந்தர்சிங்குக்கு வேடிக்கையாக இருந்தது. வள்ளம் வாங்குகிறவன் மாதிரி தொட்டியின் பலகைகளைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார், முகர்ந்து பார்த்தார், மல்லாந்து படுத்து அடியில் புகுந்து வெளியே வந்தார். சிலுவை வண்டியைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி வரும்போது மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் கழுத்தை முழுசாக வலது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரிய குறை இனிமேத்தான்” என்றார் சுந்தர்சிங். “ஸ்டியரிங் இடது பக்கம். கூட ஒரு ஆள் இல்லாம ரோட்டுல ஓட்ட முடியாது. அதனாலதான் முதலாளி தள்ளிவிடச் சொல்லுதாரு.”

தேடி வந்த பொருளைக் குறை என்று சொல்லி ஒருவர் நீட்டினால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? இனிகோ தன்னால் முடிந்த அளவு வாடினார்.

“அடடா, எடது பக்கமா? அது பெரிய தொந்தரவாச்சே ஐயா. மாசா மாசம் ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுக்கணுமே.”

சுந்தர்சிங் ஐந்நூறு ரூபாய் குறைத்தார். பிறந்ததிலிருந்து எதற்கும் பேரம் பேசத் தெரியாத மாப்பிள்ளை இப்படிச் சாமர்த்தியசாலி ஆனது எப்போது என்று சிலுவைக்கு ஆச்சரியமாக இருந்தது. அதையும் அவர் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் தென்காசி வருவதற்குள் சுந்தர்சிங் சொன்னது சரி என்று தெரிந்துபோயிற்று. சிலுவை தொண்டை கிழியக் கத்தினார். இனிகோவுக்குப் பாதி கேட்டது. பொறும் என்றதைப் போலாம் என்று எடுத்துக்கொண்டு, வைக்கோல் வண்டி ஒன்றின் மாட்டுக்கொம்பை ஒரு முழத்தில் தப்பினார். டீக்கடையில் நிறுத்தி, இரண்டு பேரும் டீ குடித்தார்கள். அப்புறம் சிலுவை பையிலிருந்து கயிற்றை எடுத்து, ஒரு முனையை இனிகோவின் வலது புஜத்தில் கட்டினார்.

“ஒரு தடவ சுண்டினா பொறும். ரெண்டு தடவ சுண்டினா போவும்.”

“பாக்கிறவன் சிரிப்பான், மச்சான்.”

“சிரிக்கட்டும். அழுறதுக்கு அது தேவல.”

பார்த்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். தூத்துக்குடியிலிருந்து கூடுதாழை வரைக்கும் சிரித்தார்கள். மச்சான் மாப்பிள்ளையைக் கரடி மாதிரி கயிறு கட்டி ஓட்டுகிறார் என்று ஆத்தூர்ப் பாலத்தில் ஒருவன் சொன்னது மணப்பாடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் வண்டி ஓடிற்று. தார் ரோடு முடிகிற இடத்தில் டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டு, கியருக்குப் பக்கத்திலிருந்த குட்டி லீவரை முன்னால் தள்ளினால், முன் சக்கரங்களுக்கும் இழுவை வந்து டாட்ஜ் மணலில் ஏறும். முதல் நாள் அது கடற்கரையில் வள்ளங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றபோது, கூடைக்காரப் பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி வண்டியின் மூக்கைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். சுடுமணலில் நடந்து கொப்புளம் கண்ட கால்கள் அவளுடையவை.

உப்புக் காற்றில் ஓடும் இரும்பு ஒரு வருஷம் தாங்காது என்று மெக்கானிக் பயமுறுத்தினார். சிலுவை, வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயை வாங்கிவந்து வண்டியின் அடிவயிறு முழுக்கத் தடவினார். துரு பிடிக்கவில்லை, நாற்றம் பிடித்தது. டாட்ஜ் வருவது வழிநெடுக நாய்களுக்கு இரண்டு பர்லாங் முன்னதாகவே தெரிந்துவிடும்.

இப்படி எட்டு மாசம். இனிகோவுக்கு அந்த மாசங்கள் சந்தோஷமாக இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். வலது கண்ணில் இருந்த கொஞ்ச நஞ்சமும் போய்விட்டது. அதனால் என்ன, கயிறு இருக்கிறதே என்று நினைத்தார். சில நாட்களில், எதிரே வண்டியே இல்லாதபோதும் கயிறு ஒரு தடவை சுண்டும். வலது ஓரத்தில் ஒரு சைக்கிளோ ஆட்டுக்குட்டியோ போகும். மச்சான் வேலையில் கெட்டி என்று மெச்சிக்கொள்வார். கோயிலுக்குப் போகும்போது பின்னால் நடக்கிற பிலோமி இப்போதெல்லாம் அவருக்கு வலது பக்கமாக ஒட்டி நடந்தாள். வண்டி வாங்கினதும் பெண்டாட்டிக்கும் பிரியம் கூடிவிட்டது என்று அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். கண் போனவரைவிடக் குருடாக இருக்க ஆசைப்பட்டவர் என்று அவரைச் சொல்லலாம்.

மாசி மாசம் ஒரு நாள் சிலுவைக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. கூடுதாழையில் இறால் நன்றாகப் படுகிறது என்று முதல் நாளே செய்தி வந்திருந்தது. இனிகோ ஐஸை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

பிலோமி வாசலில் நின்றாள். “அண்ணன் இல்லாமலா?”

“ஒரு நாள்தானே. மெள்ளப் போயிட்டு வந்துருதேன்.”

“ஜேசுபாதத்தைக் கூட்டிட்டுப் போங்களேன்.”

“டெம்போவ யாரு ஓட்டுவா? நீயா?” என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். அவள் சிரிக்கவில்லை.

மெள்ளத்தான் போனார். ஆறுமுகநேரி உப்பளங்கள் வருகிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கே முன்னால் ஒரு மாட்டு வண்டி ஆடி அசைந்து போயிற்று. கழுத்தை நீட்டிப் பார்த்தார். எதிரே லாரி இல்லை. வலது பக்கம் ஏறித் தாண்டினார். தாண்டும்போது டப்பென்று ஒரு சத்தம். எதுவென்று தெரியவில்லை. பிரேக்கை மிதித்து இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

ரோட்டோரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவள். அவள் இடுப்பிலிருந்த ஓலைப்பெட்டி மட்கார்டில் அடிபட்டுக் கிழிந்து கிடந்தது. கஞ்சிக் கலயம் உடைந்து, கஞ்சி தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவள்மேல் ஒரு கீறல் இல்லை. ஒரு சாண் ரோட்டுப் பக்கம் தள்ளி நடந்திருந்தால் உயிர் இருந்திருக்காது.

“ஏ டிரைவரே, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?” என்றாள்.  “இம்புட்டுப் பெரிய பொம்பள நடந்து வாரது தெரியலயா ஒமக்கு?”

பக்கத்தில் வந்த இன்னொருத்தி, “வா சங்கரம்மா, போலாம், உசுரு தப்பிச்சதே” என்று இழுத்தாள். சங்கரம்மாள் நகரவில்லை. இனிகோ மடியிலிருந்து ரூபாயை எடுத்து நீட்டினார்.

“காசு கெடக்கட்டும். கண்ணு தெரியுதா தெரியலயா? அதச் சொல்லும்.”

ரோட்டில் வண்டி ஓட்டுகிற எவனையும் எவரும் கேட்கிற கேள்விதான் அது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காதில் விழும். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இனிகோ அந்தக் கஞ்சியைப் பார்த்தபடி நின்றார். பிலோமியிடமும் மச்சானிடமும் மாதாவிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொன்னார்.

“வலது கண்ணு தெரியாதும்மா.”

 அவள் குரலைத் தணித்துக் கேட்டாள். “தெரியாம எதுக்குய்யா ஓட்டுதீரு?”

இனிகோ மெள்ள வண்டியில் ஏறினார். வண்டியைத் திருப்பி, நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். ஐஸ் முக்கால்வாசி உருகிவிட்டிருந்தது. வண்டியில் கோளாறு என்று பிலோமியிடம் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

மூன்றாம் நாள் சிலுவை காய்ச்சல் விட்டு வந்தார். ஏறுவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். வலது மட்கார்டின் மடிப்பில், பெண்கள் வேலைக்குக் கொண்டுபோகும் ஓலைப்பெட்டியின் ஈர்க்கு ஒன்று செருகியிருந்தது; அதைச் சுற்றிக் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. ஈர்க்கை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். வழக்கம்போல ஏறினார், வழக்கம்போலக் கயிற்றைக் கட்டினார். இனிகோ மூச்சு விட்டார். மச்சான் ஒன்றும் கேட்கவில்லை.

காயல்பட்டினம் போகிற ரோட்டில், ஆறுமுகநேரிக்கு ஒரு மைல் முன்னால், முன்னும் பின்னும் ஒரு காக்கை குருவி இல்லாத இடத்தில் கயிறு இழுபட்டது. ஒரு சுண்டல் இல்லை, இரண்டு இல்லை. விடாமல், நீளமாக, மேல் நோக்கி.

ஒன்பது வருஷமாயிற்று அந்த இழுப்பு அவர் உடம்பில் பட்டு. ஏன் என்று மனசு கேட்பதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி ஓரமாய் நின்றது. இனிகோ இஞ்சினை அணைத்தார். காதில் இரைச்சல் அடங்கியதும் சிலுவை சொன்னார்.

“மேல வாரும், மாப்ள.”

இனிகோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். “எப்பத்துலேருந்து தெரியும்?”

“டெம்போவுக்கு மூணு தடவ கண்ணாடி மாத்தினீரு. மூணும் வலது பக்கம்.”

“அப்ப வண்டி வாங்கயிலேயே தெரியுமா?”

“தெரியாமலா கயிறு கொண்டாந்தேன்?”

“பிலோமிக்கு?”

“கொடத்தை ஏன் எடம் மாத்தினான்னு நெனச்சீரு?” என்றார் சிலுவை. “நான் அன்னைக்கே சொல்லிருவம்னுதான் சொன்னேன். அவருக்கு அவமானமாப் போவும், அவரா சொல்லட்டும், நீ கூட இருந்து பாத்துக்கோண்ணேன்னு அவதான் அழுதா. கயித்தைக் கையில வச்சிக்கிட்டு எட்டு மாசமா இழுக்காம இருந்துட்டேன். அந்தப் பொம்பளைக்கு என்னமும் ஆயிருந்தா பாவம் பாதி எனக்கு.” பையிலிருந்து ஈர்க்கை எடுத்துக் காட்டினார். “யாரு அது? உசுரோட இருக்காளா?”

“இருக்கா” என்றார் இனிகோ. “கஞ்சிதான் போச்சு.”

அவருக்கு அழுகை வந்தது. இரண்டு கண்ணிலும் வந்தது. அழுவதற்கு வலது கண்ணும் நன்றாகத்தான் இருந்தது. சிலுவை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெற்றிலை மடித்தார். கடைசியில் இனிகோ ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இறங்கினார். ஏன் என்று கேட்கவில்லை.

“இனி நான் என்ன செய்யட்டும் மச்சான்? எங்கப்பன மாதிரி சீட்டாடவா?”

சிலுவை, தூத்துக்குடிப் பக்கம் போன பஸ்ஸை மறித்து, டிரைவரிடம் ஜேசுபாதத்துக்குச் சொல்லி அனுப்பினார். இரண்டு பேரும் உடை மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் சொட்டிக்கொண்டே இருந்தது. ஜேசுபாதம் வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. விஷயத்தைச் சொன்னதும் அவன் முதலாளியைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தான். அவனுக்கும் தெரிந்திருக்கும் போலிருக்கிறது. இந்த உலகத்தில் யாருக்கெல்லாம் தெரியாது என்று எண்ணிப் பார்த்தால், ஒருவேளை சுந்தர்சிங் ஒருவர்தான் மிஞ்சுவார்.

ஆறுமுகநேரியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, உப்பளத்து வரப்பில் சங்கரம்மாளைத் தேடிப் பிடித்து, புது ஓலைப்பெட்டியும் கலயமும் வாங்கிக் கொடுத்தார் இனிகோ. அவள் வாங்கிக்கொண்டாள். ஸ்டியரிங்கில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா இரியும்” என்றாள்.

அங்கிருந்து தெற்கே, தார் ரோடு நெடுக, ஜேசுபாதம் ஓட்டினான். சிலுவை வலது பக்கம். இனிகோ பின்னால் தொட்டியில் ஐஸ் பெட்டிமேல். சொந்த வண்டியில் சரக்கோடு சரக்காகப் போனார். திருச்செந்தூரும் குலசேகரன்பட்டினமும் அவருக்கு முதுகுப்பக்கமாக வந்து பின்னால் போயின. தெரிந்தவர்கள் கையாட்டினார்கள். சீட்டு விளையாட்டில் தனக்கு ஆஸ் வந்தால் முகத்தில் தெரிந்துவிடும், அதிலும் தோற்கத்தான் போகிறோம் என்று அவருக்குத் தோன்றியது.

தார் ரோடு முடிந்தது. வண்டி நின்றது. பழக்கத்தில் இனிகோ இறங்கி ஒவ்வொரு டயராகக் குனிந்து காற்றைப் பிடுங்கினார். நாலாவது டயரை முடித்து நிமிர்ந்தபோது, சிலுவை ஜேசுபாதத்திடம் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

“எறங்குப்பா. ஒன் வேலை இம்புட்டுத்தான்.”

ஜேசுபாதத்துக்கு நிம்மதி. முன்னால் கிடந்த மணலில் ஓட்ட அவனுக்குத் தெரியாது.

“ஏறும், மாப்ள” என்றார் சிலுவை. “தாரு ரோட்டுல அவன் ஓட்டட்டும். நாம இந்த வண்டிய வாங்கினது மணலுக்குத்தானே. எல்லாருட்டயும் அப்பிடித்தான சொன்னீரு?”

இனிகோ நம்பாமல் பார்த்தார். அப்புறம் வந்து இடது பக்கம் ஏறினார். ஸ்டியரிங்கில் வேறு ஆளின் வியர்வை இருந்தது, வேட்டியால் துடைத்தார். எதிரே ஒன்றரை மைலுக்கு மணலும், அதற்கப்பால் கடலும். லாரி கிடையாது, மாட்டு வண்டி கிடையாது, எதிரே வருகிறவர் என்று யாரும் கிடையாது. ஒரு கண்ணே அதிகம் என்கிற மாதிரி வெறும் வெளி.

சிலுவை பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கயிற்றை எடுத்து அவர் புஜத்தில் கட்ட ஆரம்பித்தார்.

“இங்கன எதுக்கு மச்சான் கயிறு? எதுக்க ஒரு நாயிகூட வராது.”

“கயிறு கெட்டாம ஒம்மள நான் என்னைக்கு எறக்கியிருக்கேன்?” என்று சொல்லி முடிச்சை இறுக்கினார் சிலுவை.

இனிகோ குட்டி லீவரை முன்னால் தள்ளினார். கயிறு இரண்டு தடவை சுண்டியது.